நல்ல தகட்டில் விழுந்த ஓட்டைகள்

மச்சான்,

போன வெள்ளிக்கிழமை நம் பாப்பாவைப் பெண் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் உள்ளே உட்கார்ந்து காரச்சேவு தின்றுகொண்டிருக்க, பெண்ணைப் பெற்ற நான் வெளியே அவர்களுடைய காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன்.

போனதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. வாசலில் நின்ற காரைச் சும்மா ஒரு சுற்று வந்தேன். கதவுக்குக் கீழே பெயிண்ட் கொப்புளம் மாதிரி ஊதியிருந்தது. விரல் தானாகப் போய் அழுத்தியது. பொரபொரவென்று உதிர்ந்தது. மேலே இப்படி என்றால் அடியில் எப்படி இருக்கும்? பார்க்காமல் எப்படி விடுவது? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே சரிந்துவிட்டேன். முந்தின நாள் மழையில் நனைந்த துருவின் வாசம் மூக்கில் ஏறியது.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அப்பா வெற்றிலை துப்ப வெளியே வந்தார். காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு காலைப் பார்த்து, "ஏப்பா டிரைவரு, பொண்ணோட அப்பன் எங்க போனாரு?" என்றார்.

நான் படுத்த வாக்கிலேயே, "நாந்தானுங்க" என்றேன்.

நல்ல மனிதர். சிரித்துவிட்டார். உங்கள் தங்கச்சி சிரிக்கவில்லை. அவர்கள் போன பிறகு என் சட்டை முதுகைத் திருப்பிப் பார்த்து, "எங்கண்ணன் இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தவள், முடிக்காமல் உள்ளே போய்விட்டாள். இருந்திருந்தால் நீங்களும் என் பக்கத்தில் படுத்திருப்பீர்கள். அது அவளுக்கும் தெரியும், அதனால்தான் முடிக்கவில்லை.

எதையும் எழுதி வைக்கிற ஆள் இல்லை நான். எட்டாம் வகுப்பு பிடித்துப்போய் இன்னொரு வருஷமும் அதிலேயே இருந்துவிட்டு வெளியே வந்தவன். ஆனால் அந்தத் துரு வாசம் வெள்ளிக்கிழமையிலிருந்து மூக்கை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. நீங்கள் போய் இந்த ஆடியோடு ஒரு வருஷம் ஆகப் போகிறது. இருக்கும்போது உங்களிடம் பேச வேண்டியதை எல்லாம் வண்டியைப் பற்றிப் பேசியே கழித்துவிட்டோம். இப்போதும் வண்டியைப் பற்றித்தான் ஆரம்பிக்க வருகிறது.

அந்தப் பிக்கப்பை மூணாறுப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் கழித்துப் போட்டிருந்தார்கள். நீங்கள் போய் எடுத்து வந்தீர்கள். வருஷத்தில் பாதி நாள் மழையில் நின்ற வண்டி. அதை ஊருக்குக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டு, "எஞ்சின் தங்கம் மாப்ள" என்றீர்கள். எஞ்சின் தங்கம்தான். தங்கத்தைச் சுற்றியிருந்ததுதான் சிக்கல்.

நம் ஊருக்கு வந்ததும் அதற்கு மழை நின்றது, கள் ஆரம்பித்தது. கொழிஞ்சாம்பாறைத் தோப்புகளில் விடிகாலையில் இறக்கும் கள்ளைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிக்கொண்டு கள்ளுஷாப்பு கள்ளுஷாப்பாகப் போவோம். குலுங்கிச் சிந்திய கள் வண்டியின் அடித்தகட்டில் தேங்கிப் புளிக்கும். புளித்தது தகட்டைத் தின்னும். எஸ்டேட் மழை கீழேயிருந்து தின்று வைத்திருக்க, நம் ஊர்க் கள் மேலேயிருந்து தின்றது. "நம்ம ரெண்டு பேரும் ஒரு சொட்டுத் தொடறதில்ல. நமக்கும் சேத்து இது குடிக்குது" என்று ஸ்டீயரிங்கைத் தட்டிச் சிரிப்பீர்கள்.

நீங்கள் டிரைவர், நான் கிளீனர். தங்கச்சியைக் கட்டிக் கொடுத்த வீட்டு மாப்பிள்ளையைக் கிளீனராக வைத்திருந்தவர் இந்தத் தாலுக்காவிலேயே நீங்கள் ஒருவர்தான் என்று ஊரில் பேசுவார்கள். நீங்களும்தான் என்ன செய்வீர்கள். எனக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்துப் பார்த்தீர்கள். நல்லேப்பிள்ளி வளைவில் ரோடு திரும்பியது, நான் திரும்பவில்லை. நேராக வயலுக்குள் போய் நின்றோம். நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நகர்ந்து வழி விட்டார்கள். முழங்கால் சேற்றில் இறங்கி நின்றுகொண்டு, திட்டக்கூட இல்லை நீங்கள். "மாப்ள, நீ சும்மா உக்காந்து வந்தாலே வண்டிக்குப் பெரிய உபகாரம்" என்றீர்கள். அன்றைக்கு ஸ்டீயரிங்கை விட்டவன் பிறகு தொடவே இல்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்ததில் "நகருங்க மச்சான், நான் ஓட்டறேன்" என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லாமல் போனது இதனால்தான்.

எப்போது ஆரம்பித்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "எதுக்க வர்றது பஸ்ஸா லாரியா, சொல்லு பாக்கலாம்" என்று என்னிடம் பந்தயம் கட்டுவது போலக் கேட்க ஆரம்பித்தீர்கள். பொழுது போகாமல் விளையாடுகிறீர்கள் என்று நானும் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பிறகு, வெயில் சாய்ந்தால் லோடு எடுப்பதில்லை என்றீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "சாயங்காலத்துல டயரு அதிகமாத் தேயுது" என்றீர்கள். அதையும் நம்பினேன். நான் நம்பாத விஷயம் உண்டா? ஒரு நாள் டீக்கடையில் கடைக்காரர் உங்கள் இடது பக்கம் கிளாஸை நீட்டிக்கொண்டே நின்றார். நீங்கள் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். நான் வாங்கி உங்கள் கையில் வைத்தேன். "சூடா இருக்குது" என்றீர்கள். அவ்வளவுதான் பேச்சு.

அப்புறம் கோவிந்தாபுரத்தில் அந்த நாள். நல்ல உச்சி வெயில். செக்போஸ்ட்டில் மூங்கில் கட்டையைக் குறுக்கே இறக்கி வைத்திருந்தார்கள். கறுப்பும் வெள்ளையுமாகப் பெயிண்ட் அடித்த கட்டை, அரை மைலுக்கு முன்னாலேயே தெரியும். நீங்கள் வேகத்தைக் குறைப்பீர்கள், குறைப்பீர்கள் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கட்டை வந்து வலது மட்கார்டில் ஏறிய பிறகுதான் பிரேக்கை மிதித்தீர்கள். பிரேக் அப்படிப் பிடித்தது, பின்னால் இருந்த பீப்பாய் உருண்டு வந்து என் முதுகுப் பக்கத் தகட்டில் இடித்தது.

காவலுக்கு இருந்த மலையாளி ஓடிவந்து, கண் தெரியவில்லையா என்று கத்தினார். "எந்தா சேட்டா இது, கண்ணு கண்டூடே?"

சுற்றி நின்ற லாரிக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு நீங்களும் சிரித்தீர்கள். "பிரேக் புடிக்கலீங்க" என்று அவரிடம் சொன்னீர்கள். என் முதுகு இன்னும் வலித்துக்கொண்டிருந்தது.

மட்கார்டைக் காது தொங்குவது போலத் தொங்கவிட்டுக்கொண்டு மெதுவாக வீடு வந்து சேர்ந்தோம். வெல்டிங் கடை ராவுத்தர் வந்து பார்த்தார். நசுங்கின இடத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். தகடு நிமிரவில்லை, அப்பளம் மாதிரி நொறுங்கிக் கையோடு வந்தது. உள்ளே முழுக்கச் செங்கல் பொடி மாதிரித் துரு.

"டிரைவரே, இத்தன நாளா வண்டியைப் புடிச்சு நிறுத்தினது பெயிண்டுதான். அது ரொம்ப நல்ல பெயிண்டு" என்றார்.

"மட்கார்டு மட்டும் மாத்தினாப் போதுமில்ல?"

"எதுல மாத்தறது? ஒட்டறதுக்கு அந்தப் பக்கம் நல்ல தகடு வேணுமில்ல? துருவோட துருவை ஒட்டவா?" திருப்புளியை என் கையில் கொடுத்தார். "கிளீனரே, சுத்தி வந்து குத்திப் பாருங்க. ஏறுச்சுன்னா அந்த இடத்தை வெட்டணும். ஏறலைன்னா விட்ரலாம்."

குத்தினேன். எல்லா இடத்திலும் ஏறியது. மட்கார்டு, கதவின் அடிப்பாகம், கால் வைத்து ஏறும் தகடு, பாடியின் அடித்தட்டு. உங்கள் சீட்டுக்குக் கீழே குத்தியபோது திருப்புளியே உள்ளே விழுந்து தரையில் கிடந்தது. வண்டியைத் தகட்டுப் பணிக்கு வாசலிலேயே நிறுத்தினோம்.

தகடு வாங்கக் கோயமுத்தூர் போகலாம் என்றீர்கள். பொள்ளாச்சியிலேயே கிடைக்கும். நான் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் என்னை ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தீர்கள். "இங்கயே இரு மாப்ள. ஒருத்தரைப் பாத்துட்டு, அப்படியே தகடு வெலையும் கேட்டுட்டு வந்தர்றேன்." சரிங்க என்றேன். ஆனால் டீ ஆறுவதற்குள் பின்னாலேயே வந்துவிட்டேன். ரோட்டோரத்துச் சுவரை இடது கையால் தொட்டுக்கொண்டே போனீர்கள். ஒரு கண்ணாஸ்பத்திரி வாசலில் நின்று, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனீர்கள். எதிரே ஒரு வேப்பமரம் இருந்தது. அதற்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். உங்களிடம் ஒளிந்துகொள்ளத் தேவையே இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வெளியே வரும்போது கண்ணில் ஏதோ மருந்து விட்டிருந்தார்கள். வெயில் குத்தி இரண்டு கண்ணிலும் நீர் ஒழுகியது. கழற்றிப் போட்ட செருப்பைக் காலால் துழாவித் துழாவித் தேடினீர்கள். ஓடி வந்து எடுத்துக் கொடுக்க எனக்கும் கால் எழுந்தது. ஆனால் நான் டீக்கடையில் அல்லவா இருக்கிறேன்? அதனால் மரத்துக்குப் பின்னாலேயே நின்றேன். செருப்பு கிடைத்ததும் உங்களுக்கு முன்னால் ஓடிப்போய் பெஞ்சில் உட்கார்ந்து, மூச்சு வாங்குவதை அடக்கிக்கொண்டேன்.

"தகடு என்னாச்சுங்க மச்சான்?"

"வெல ஏறிப் போச்சு மாப்ள."

"கண்ணுல என்னங்க?"

"தூசி. கோயமுத்தூர்ல ஒரே தூசி." பிறகு எதிரே நின்ற பஸ்ஸைக் காட்டி, "நம்ம பஸ்ஸு இதுதான?" என்றீர்கள். அது திருப்பூர் பஸ்.

"அதுல கூட்டமா இருக்குதுங்க. அடுத்ததுல போலாம்" என்றேன். அந்த பஸ்ஸில் ஒரு ஈ காக்கை இல்லை.

பிறகு ஒரு நாள் உங்களுக்குத் தெரியாமல் நானே போய் அந்த டாக்டரைப் பார்த்தேன். கண் நரம்பு காய்ந்துகொண்டு வருகிறது என்றார். போன பார்வை போனதுதான், மிச்சம் இருப்பதும் எத்தனை நாளைக்கென்று சொல்ல முடியாது, கண்ணாடிக்கும் ஆபரேஷனுக்கும் இதில் வேலை இல்லை என்றார். எழுதிக்கொண்டே, "வண்டி கிண்டி ஓட்டறாரா?" என்று கேட்டார்.

"வண்டி பணியில நிக்குதுங்க."

"நிக்கட்டும்" என்றார் டாக்டர்.

வரும் வழியெல்லாம் அந்த ஒரு சொல்லைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். நிற்கட்டும். எப்படி நிறுத்துவது?

ஏனென்றால் தை பிறந்துவிட்டது. அறுப்பு முடிந்ததும் காங்கயத்துப் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போவது நம் இரண்டு வீட்டுக்கும் வழக்கம். வருஷா வருஷம் பிக்கப்பின் பின்னால் வைக்கோல் பரப்பி, ஜமுக்காளம் விரித்து, பெண்டு பிள்ளைகள் அத்தனை பேரும், பொங்கல் பானையும், கெடாக்குட்டியும் ஏறும். ஸ்டீயரிங்கில் நீங்கள். மூத்தவர் ஓட்டிப் போனால்தான் சாமிக்குச் சரி என்று ஒரு பேச்சு வேறு. கோயிலுக்குள் வண்டி ரெடியாகிவிடும் என்று நீங்களே எல்லோரிடமும் சொல்லிவிட்டீர்கள். அப்போது சின்னவளாக இருந்த நம் பாப்பா, வைக்கோலில் யாருக்குப் பக்கத்தில் உட்காருவது என்று அதற்குள்ளேயே சண்டை ஆரம்பித்துவிட்டாள். எனக்கு ராத்திரியில் கண்ணை மூடினால் அந்த மூங்கில் கட்டைதான் வந்தது.

உங்களிடம் நேராகச் சொல்லியிருக்க வேண்டும். மாட்டுக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். "மச்சான், உங்க கண்ணு எனக்குத் தெரியுமுங்க. வேண்டாமுங்க." மாட்டிடம் நன்றாகத்தான் வந்தது. உங்களைப் பார்த்ததும் "இன்னிக்கு வெயில் அதிகமுங்க" என்றுதான் வந்தது. அப்பன் இல்லாத வீட்டில் தங்கச்சியைத் தூக்கி வளர்த்தவர். ஸ்டீயரிங் ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு வீட்டில் உலை ஏற்றுகிறவர். என் வாயிலிருந்து அந்த வார்த்தை விழுகிற வரைக்கும் நீங்கள் டிரைவர். விழுந்தபின் நீங்கள் யார்? அதை நானா சொல்லுவது?

அதனால் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். காலையில் நீங்கள் வருவதற்கு முன்னால் போய், திருப்புளியையும் சுத்தியலையும் வைத்து நல்ல தகட்டில் ஒரு ஓட்டை போட்டுவிட்டு வந்துவிடுவேன். ராவுத்தர் வந்து தலையில் அடித்துக்கொள்வார். அந்த இடத்தை வெட்டி, ஒட்டுப் போட்டு, பின்னால் இரும்புக்கட்டையை அண்டக் கொடுத்துத் தட்டிச் சமன் செய்வதற்குள் அன்றைய பொழுது போய்விடும். மறுநாள் வேறு இடம்.

உங்கள் தங்கச்சி கண்டுபிடித்துவிட்டாள். "ஏனுங்க, நல்ல தகட்டை எதுக்குக் குத்தறீங்க?" என்று பின்னால் வந்து நின்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு கேட்டாள்.

"அண்ணங்கிட்ட நேராச் சொல்லிப் போடுங்க."

"நீ சொல்லு. உன்ற அண்ணந்தான?"

"நான் எப்படீங்க சொல்லுவேன்?"

"அப்ப நான் மட்டும் எப்படிச் சொல்றது?"

வண்டியை ஒரு தடவை சுற்றி வந்தாள். "அப்பக் குத்துங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். போனவள் திரும்பி வந்து, "அந்த மூலையில குத்தாதீங்க. வெளிச்சம் படுது, ராவுத்தருக்குத் தெரிஞ்சிரும்" என்றாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் வழக்கம் போலத் திருப்புளியோடு வந்தேன். எனக்கு முன்னாலேயே நீங்கள் அங்கே இருந்தீர்கள்.

வலது கதவுக்கு முன்னால் குத்த வைத்து உட்கார்ந்திருந்தீர்கள். முந்தின நாள் சாயங்காலம்தான் ராவுத்தர் புதுத் தகடு வைத்து முடித்த கதவு அது. இடது கை விரலால் வெல்டிங் தழும்பைத் தடவிக்கொண்டே போய், அதைத் தாண்டி, புதுத் தகட்டின் நடுவில் விரலை நிறுத்தினீர்கள். சத்தம் கேட்காமல் இருக்கச் சுத்தியலில் துண்டைச் சுற்றியிருந்தீர்கள். ஆணியை அந்த இடத்தில் வைத்து ஒரு அடி. இன்னொரு அடி. ஓட்டை விழுந்ததும் கீழே கிடந்த துருப்பொடியை எச்சிலில் தொட்டு ஓரத்தில் பூசினீர்கள். பூசியது ஓட்டைக்கு ஒரு விரற்கடை தள்ளி விழுந்தது. உங்களுக்கு அது தெரியவில்லை.

திருப்புளியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன் மச்சான். வண்டி முடிந்துவிடக் கூடாது என்று நான் மட்டும் பயந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். வைக்கோலில் உட்காரப் போகிற பிள்ளைகளை நினைத்து நீங்களும் பயந்துகொண்டிருந்தீர்கள். ஓட்ட மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கும் வாய் வரவில்லை. மொத்தத்தில் நம் இரண்டு பேருக்கும் நடுவே இருந்த பேச்சை வண்டிதான் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தது.

சத்தமில்லாமல் வந்த வழியே வாய்க்கால் வரைக்கும் திரும்பிப் போனேன். அங்கிருந்து இருமிக்கொண்டு, இல்லாத நாயை விரட்டிக்கொண்டு மறுபடியும் வந்தேன். நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டிருந்தீர்கள்.

"மாப்ள, இங்க பாரு. இதுலயும் துரு புடிச்சுப் போச்சு."

குனிந்து பார்த்தேன். ஓட்டையின் விளிம்பு வெள்ளி மாதிரி மின்னியது. "ஆமாங்க மச்சான். சுத்தமாப் போயிருச்சுங்க" என்றேன்.

ராவுத்தர் வந்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். "டிரைவரே, நேத்து வெச்ச தகடு இது. இன்னும் சூடே ஆறல. அதுக்குள்ள துருவா?"

"கள்ளு வாசம் பட்டிருக்கும்" என்றீர்கள்.

"பனிங்க. தைப் பனி" என்றேன் நான்.

ராவுத்தர் உங்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஓட்டையையும், அதற்குத் தள்ளிப் பூசியிருந்த துருவையும் பார்த்தார். "ஆமாமா, பனிதான்" என்று கேஸைப் பற்ற வைத்தார். "இப்படியே பனி பேஞ்சா என்ற பேரன் வந்துதான் இந்த வண்டியை முடிப்பான்."

கோயிலுக்கு அந்த வருஷம் பஸ்ஸில் போனோம். கெடாக்குட்டியை ஏற்ற மாட்டேன் என்றான் கண்டக்டர். நீங்கள் அதை மடியில் வைத்துக்கொண்டு, "இதுக்கும் ஒரு டிக்கெட் குடப்பா, பெரிய மனுசன்" என்றதும் பஸ்ஸே சிரித்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, பிள்ளைகள் வெளியே எதையெதையோ காட்டக் காட்ட, "அட, ஆமா!" என்று சொல்லிக்கொண்டே வந்தீர்கள். இத்தனை சந்தோஷமாக உங்களை நான் அந்த வருஷத்தில் பார்க்கவில்லை. பொங்கல் பொங்கியபோது நானும் மனசுக்குள் கும்பிட்டேன். அவ்வளவுதான், இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. நம் கள் லோடை வேறு வண்டிக்குக் கொடுத்துவிட்டார்கள். மாசிக்குள் வண்டி ரோட்டுக்கு வராவிட்டால் திரும்பக் கிடைக்காது என்று ஷாப்பு ஆள் சொல்லிவிட்டுப் போனான். ராவுத்தரும் ஒரு நாள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "இனி ஒட்டறதுக்கு இதுல பழைய வண்டி பாக்கி இல்ல. மேல்தகடும் ஹாரனும்தான் எஸ்டேட்டோடது. பட்டி போட்டுத் தேச்சாச்சு, துரு ஏறாம இருக்கச் செவப்பு மை பூசியாச்சு, இனிப் பெயிண்டு வாங்கிட்டு வாங்க."

நான் கிளம்பினேன். தடுத்தீர்கள். "கலர் விசயத்துல உன்னை நம்ப முடியாது மாப்ள. பழைய நீலத்துக்கு அப்படியே ஒத்து வரணும். நானே போறேன்."

தனியாகப் பஸ் ஏறிப் பொள்ளாச்சி போய், தனியாகத் திரும்பி வந்தீர்கள். கடைக்காரர் என்ன சொன்னாரோ, நீங்கள் என்ன கேட்டீர்களோ, அது எனக்குத் தெரியாது. டின்னைத் திறந்து குச்சியால் கலக்கினார் ராவுத்தர். கலக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. காபி கொண்டு வந்த உங்கள் தங்கச்சி எட்டிப் பார்த்தாள். வாழையிலைப் பச்சை.

"எப்படி?" என்றீர்கள். "நாலு நீலத்தை எடுத்துப் போட்டான். இதுதான்னு நான் கைய வெச்சேன்."

ராவுத்தர் என்னைப் பார்த்து, "அடிக்கலாங்களா கிளீனரே?" என்றார். இத்தனை காலத்தில் அவர் என்னிடம் உத்தரவு கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"அடிங்க" என்றேன்.

மேலே பழைய நீலமும் கீழே புதுப் பச்சையுமாக வண்டி வெயிலில் காய்ந்தது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தீர்கள். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தீர்கள். என் இடத்தில் நான் உட்கார்ந்தேன். சாவியைத் திருகியதும் எஞ்சின் ஒரே அடியில் பிடித்தது. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஓடிவந்த நம் பாப்பா, வண்டிக்கு நேர் முன்னால், பானெட்டைத் தொடுகிற தூரத்தில் நின்று, புதுப் பெயிண்டை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்புப் பாவாடை. நல்ல வெயில். உங்கள் கை கியரில் இருந்தது.

பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று டிரைவர் கிளீனரைக் கேட்பது வழக்கம். முன்னால் நிற்பதை எந்த டிரைவரும் கேட்பதில்லை.

"மாப்ள," என்றீர்கள். "முன்னால ஆராச்சும் நிக்கறாங்களா?"

"பாப்பா நிக்கறாளுங்க."

கண்ணை முன்னால் வைத்துக்கொண்டே, "பாப்பா?" என்று மெதுவாகக் கூப்பிட்டீர்கள்.

"என்னுங் மாமா?" என்றாள் அவள், கை எட்டுகிற தூரத்திலிருந்து.

எஞ்சினை நிறுத்தினீர்கள். சாவியை எடுத்து என் மடியில் வைத்தீர்கள். ஸ்டீயரிங்கை ஒரு தடவை முழுக்கத் தடவினீர்கள். பிறகு, "எஞ்சின் சத்தம் சரியில்ல மாப்ள. வித்துப் போடலாம்" என்றீர்கள்.

தங்க எஞ்சின். "சரிங்க மச்சான்" என்றேன். நீங்கள் இறங்கும்போது கதவுப் பக்கம் ஓடிவந்து நின்றேன். கையை நீட்டவில்லை. சும்மா நின்றேன்.

கோவிந்தாபுரத்துக் காய்கறி வியாபாரி வந்து எடுத்துக்கொண்டு போனார். வண்டியைப் பார்த்ததும், "இதென்னங்க, ஒரு பக்கம்..." என்று வாயெடுத்தார். நான் அவர் காலை மிதித்தேன். நீங்கள் மட்கார்டைத் தடவிக்கொண்டே, "தகட்டு வேலை எல்லாம் ராவுத்தரோடது. கலரு மட்டும் நான் பாத்து எடுத்தது" என்று அவரிடம் சொன்னீர்கள்.

அதன் பிறகு நான் ஒரு கள்ளுஷாப்பில் எடுபிடியாகச் சேர்ந்தேன். உங்கள் பார்வை கொஞ்சம் கொஞ்சமாக முழுக்கப் போனது. அதற்குப் பிறகும் நாம் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் வந்து பக்கத்தில் உட்காருவேன், வண்டிப் பேச்சு பேசுவோம். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த நீலத்தை எப்படித் தேடிப் பிடித்தீர்கள் என்ற கதை உண்டு. ஊரே கேட்டிருக்கிறது. ஊரே "அப்படீங்களா" என்றிருக்கிறது.

போன ஆடியில், கடைசியாகப் படுத்திருந்தபோது, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள். பிடியில் பலம் இல்லை. "மாப்ள, அந்த நீலம் நெசமாவே ஒத்துப் போச்சா?" என்று கேட்டீர்கள். இத்தனை வருஷத்தில் அதை நீங்கள் ஒரு கேள்வியாகக் கேட்டது அப்போதுதான். கேட்டுவிட்டு, என் முகம் இருந்த பக்கம் பார்த்தபடி காத்திருந்தீர்கள். நான் சொல்லட்டும் என்றுதான் கேட்டீர்களோ? இந்த ஒரு வருஷமாக நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் காத்திருப்பு இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிறது.

"அச்சு அசலா ஒத்துப் போச்சுங்க மச்சான்" என்றேன்.

அது பச்சைங்க மச்சான் என்று சொல்லவில்லை.